முகம் தெரியாத ஒருவர் படிக்கப்போகும் திரைக்கதை

திரைக்கதைப் போட்டிக்கு அனுப்பலாமா, அனுப்பினால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்கிற நண்பர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் எழுதுகிறவர்கள் பலர். சிலர் அசிஸ்டென்ட் டைரக்டர்கள். ஒவ்வொருவரிடமும் போனில் பாதி பாதியாகச் சொல்வதைவிட இங்கே நிதானமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் பதில்: அனுப்புங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 'லாபதா லேடீஸ்' வந்த வழி எனக்குத் தெரியும் என்பதால்தான்.

படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிரண் ராவ் இயக்கியது, 2024 மார்ச் 1 அன்று வெளியானது. முக்காடு போட்ட இரண்டு புதுப்பெண்கள் ஒரே ரயில் பெட்டியில் பயணம் செய்கிறார்கள். ராத்திரி அவசரத்தில் ஒரு மாப்பிள்ளை தன் மனைவி என்று நினைத்து இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறான். அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போன படம் அது. கதை பிப்லப் கோஸ்வாமி என்ற எழுத்தாளருடையது. 'டூ பிரைட்ஸ்' என்ற பெயரில் அவர் எழுதிய திரைக்கதை, 2018-இல் சினிஸ்தான் நிறுவனம் நடத்திய போட்டிக்குப் போனது. மொத்தப் பரிசுத் தொகை 50 லட்சம் ரூபாய். நடுவர்கள் ஆமிர் கான், ராஜ்குமார் ஹிரானி, ஜூஹி சதுர்வேதி, அஞ்சும் ராஜபலி. முதல் பரிசு இந்தத் திரைக்கதைக்குக் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த இடத்தில்தான் வந்தது. ஆனால் நடுவராக அதைப் படித்த ஆமிர் கானுக்குக் கதை மனதை விட்டுப் போகவில்லை. கிரண் ராவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு ஸ்னேகா தேசாய் திரைக்கதையையும் வசனத்தையும் புதிதாக எழுதினார். 2025 ஐஃபா விழாவில் சிறந்த கதைக்கான விருது கோஸ்வாமிக்கும் சிறந்த திரைக்கதைக்கான விருது ஸ்னேகா தேசாய்க்கும் கிடைத்தன.

ஆமிர் கானை நேரில் பார்த்துக் கதை சொல்ல எத்தனை பேரால் முடியும்? ஆனால் அவர் கைக்கு ஒரு தாள்கட்டு போய்ச் சேர்ந்தது. எழுதியவர் பக்கத்தில் இல்லாமலேயே அது பேசியது. போட்டியைப் பற்றி எனக்கு இருக்கும் மரியாதை முழுவதும் இதனால் வந்ததுதான்.

நம் ஊரில் கதை என்பது பெரும்பாலும் காதால் கேட்கிற விஷயம். தயாரிப்பாளரோ ஹீரோவோ சோபாவில் சாய்ந்திருப்பார். எதிரே டைரக்டர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கதை சொல்வார். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் எழுந்து நின்று நடித்துக் காட்ட வேண்டும், இன்டர்வெல் பிளாக்குக்கு முன் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்று அதற்கே ஒரு கலை இருக்கிறது. பின்னணி இசையைக்கூட வாயாலேயே வாசித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ் சினிமாவின் எத்தனையோ நல்ல படங்கள் அப்படி ஓர் அறையில் சொல்லப்பட்டு ஓகே ஆனவைதான்.

ஆனால் அந்த அறைக்குள் போக முடியாதவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பலர் முன்னால் பேச நா எழாதவர். சின்ன ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, சென்னைக்கு வந்து வாடகை கொடுத்துத் தங்க வழியில்லாதவர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் பெண். சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஒருவரையும் தெரியாதவர். இவர்களிடமெல்லாம் கதை இருக்கிறது. சொல்லும் வாய்ப்புத்தான் இல்லை. பெயரை மறைத்துப் படிக்கிற போட்டியில் இந்த வித்தியாசம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இது எனக்கு மிகப் பெரிய நியாயமாகப் படுகிறது.

பத்திரிகை உலகில் நாம் இதைப் பார்த்தவர்கள்தானே. கலைமகள் நாவல் போட்டி அகிலனுக்கும் ராஜம் கிருஷ்ணனுக்கும் வாசல் திறந்துவிட்டது. அனுராதா ரமணனின் 'சிறை' ஆனந்த விகடனில் தங்கப் பதக்கம் வாங்கிய சிறுகதை. அதை ஆர்.சி. சக்தி 1984-இல் படமாக எடுத்தார். கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் போட்டி போட்டவர்கள் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும் பாலாஜி மோகனும். 'பீட்சா'வும் 'காதலில் சொதப்புவது எப்படி'யும் 2012-இல் வந்தன, 'சூது கவ்வும்' 2013-இல். ஆனால் அங்கே குறும்படத்தை எடுத்துக் காட்ட வேண்டும். கேமராவுக்கும் ஆட்களுக்கும் செலவு உண்டு. திரைக்கதைப் போட்டிக்கு அதுவும் தேவையில்லை.

ஒரு சிறிய அமைப்பு நடத்திய போட்டியில் முதல் சுற்று வாசகராக நானும் இருந்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். வந்திருந்தவற்றில் பெரும்பகுதி, எழுதப்பட்டவை என்பதைவிட, சொல்லப்போகிற கதைக்கு எடுத்து வைத்த குறிப்புகள் போலத்தான் இருந்தன. 'இங்கே ஒரு செம பில்டப்', 'இந்த இடத்தில் தியேட்டரே அதிரும்', 'ஹீரோவின் மாஸ் என்ட்ரி' என்று இருந்தன. நேரில் சொல்லும்போது இதற்கெல்லாம் ஓர் உயிர் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு, அன்றைக்கு நாலாவது திரைக்கதையைக் கையில் எடுத்திருக்கிற வாசகருக்கு அந்த வரியில் ஒன்றும் தெரியாது. தியேட்டர் ஏன் அதிரும் என்பதைத்தான் அவர் தேடுகிறார். அதைக் காட்சியாக எழுத வேண்டும்.

நல்ல திரைக்கதைகள் எப்படியிருந்தன? படிக்க ஆரம்பித்துச் சில பக்கங்களில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் அடையாளம். முதல் பக்கத்திலேயே சண்டையோ சாவோ இருந்ததால் அல்ல. ஒரு மனிதர் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தார், அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எழுத்தில் வரும் வித்தியாசத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், நானே எழுதியதுதான். 'செல்வி அந்த வீட்டில் பல வருடங்களாக அடிமை போல வாழ்கிறாள்' என்று எழுதினால் அது ஒரு தகவல். கேமராவால் 'பல வருடங்களாக' என்பதை எடுக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'செல்வி எல்லோருக்கும் பரிமாறி முடிக்கிறாள். சட்டிக்குள் எட்டிப் பார்க்கிறாள். அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொள்கிறாள். கூடத்திலிருந்து மாமியாரின் குரல்: சத்தம் போடாம சுரண்டேன்டி.' இதில் அடிமை என்று யாரும் சொல்லவில்லை. படிப்பவர் தானாகவே சொல்லிக்கொள்வார். கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் மட்டும் தாளில் இருக்க வேண்டும், அதுவும் நிகழ்காலத்தில். சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?'யைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கருந்தேள் ராஜேஷின் 'திரைக்கதை எழுதலாம் வாங்க'வும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் எழுதப்போகும்போது நாம் மறுபடியும் வாயால் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் பழக்கம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

இன்னொன்று, கேமரா கோணங்கள். லோ ஆங்கிள், ட்ராலி, டாப் ஷாட் என்று வரிக்கு வரி போட வேண்டாம். அது டைரக்டரும் கேமராமேனும் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளும் விஷயம். வாசகருக்கு அது கல்லில் கால் இடறுவது மாதிரி. அவரைக் கதைக்குள் நடக்க விடுங்கள். எந்த ஹீரோவை நினைத்து எழுதினீர்கள் என்பதையும் எழுதாதீர்கள். அவர் கால்ஷீட் கொடுப்பது வேறு கதை. இங்கே உங்கள் பாத்திரம் தன் காலில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

வடிவம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. பழைய வசனத் தாள்களில் இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். படப்பிடிப்பில் அது வசதி. போட்டிகள் கேட்பது பெரும்பாலும் சர்வதேச முறை. காட்சி உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று ஒரு தலைப்பு. கீழே செயல். நடுவில் பாத்திரத்தின் பெயர், அதன் கீழ் வசனம். கமல் ஹாசன் 1992-இலேயே 'தேவர் மகன்' திரைக்கதையைக் கணினியில் அதற்கான மென்பொருளைக் கொண்டு எழுதினார். இன்று இலவசமாகவே பல மென்பொருள்கள் கிடைக்கின்றன. தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிடிஎஃப் ஆக்கியதும் எழுத்து உடையாமல் இருக்கிறதா என்று வேறொருவர் போனிலும் வேறொரு கணினியிலும் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும் ஒரு பக்கத்தை எந்த வாசகராலும் படிக்க முடியாது.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத்தில், கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில் அடிப்பதற்கு ஏற்பட்டது. தமிழ் வார்த்தைகள் நீளமானவை, பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் பக்கத்தை எண்ணுவதைவிட, கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துப் பார்ப்பதே நல்லது. முடிந்தால் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பாத்திரமாகப் படிக்கச் சொல்லுங்கள். சினிமாவில் இல்லாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் நடித்து உங்கள் வசனத்தைக் காப்பாற்ற மாட்டார்கள். நீங்களும் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருங்கள். 'அது என்னன்னா...' என்று விளக்கம் சொல்ல உங்கள் வாய் திறக்கும் இடமெல்லாம் தாளில் இன்னும் எழுதப்படாத இடம்.

இனி விதிமுறைகள். இதைப் படிக்காமல் அனுப்புகிறவர்கள் நிறைய. எந்த மொழியில் இருக்க வேண்டும், எத்தனை பக்கம், முகப்பில் பெயர் வரலாமா, நாவலைத் தழுவியது ஏற்கப்படுமா என்பவை ஒருபுறம். இவற்றைவிட முக்கியமானது, பரிசு கிடைத்தால் கதையின் உரிமை யாருக்கு, எத்தனை காலத்துக்கு என்பது. அனுப்பிய மாத்திரத்தில் உரிமை எங்களுக்கு என்று எழுதியிருந்தால் அந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். நுழைவுக் கட்டணமும் அப்படித்தான். டாலரில் கட்டணம் வாங்கி, டஜன் கணக்கில் பிரிவுகள் வைத்து, எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் அனுப்பும் போட்டிகளும் உலகத்தில் உண்டு. நடுவர் யார், முன்பு வென்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் அந்தப் பணத்துக்கு நாலு நல்ல புத்தகம் வாங்கலாம்.

அனுப்புவதற்கு முன் பதிவு செய்துவிடுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை நீங்கள் விரித்து எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. அதனால் ஒன்லைனைப் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. காட்சி காட்சியாக எழுதியது வேண்டும். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கமும் மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனும் உறுப்பினர்களுக்குப் பதிவு செய்து தருகின்றன. உறுப்பினர் இல்லையென்றால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே இலக்கியப் படைப்பாகப் பதியலாம். 'சர்கார்' வெளிவந்த 2018-இல், அந்தப் படத்தின் கதை தன்னுடையது என்று ஓர் உதவி இயக்குநர் புகார் சொன்னபோது, சென்னைச் சங்கத்தில் அவர் முன்பே பதிந்து வைத்திருந்த 'செங்கோல்' கதைதான் அவருக்குக் கைகொடுத்தது. பிப்லப் கோஸ்வாமிக்கும் தன் பதிவைக் காட்ட வேண்டிய நிலைமை வந்தது. 2019-இல் வந்த 'புர்கா சிட்டி' என்ற குறும்படத்தோடு 'லாபதா லேடீஸ்' படத்தை ஒப்பிட்டு 2025-இல் குற்றச்சாட்டு கிளம்பியது. விரிவான கதைச்சுருக்கத்தை 2014-இலும் முழுத் திரைக்கதையை 2018-இலும் மும்பைச் சங்கத்தில் பதிந்திருப்பதாக அவர் பதில் சொன்னார். பதினோரு வருடம் கழித்து அந்தப் பதிவு அவருக்காகப் பேசியது.

வெளிநாட்டுப் போட்டிகளில் நான் மிகவும் மதிப்பது நிக்கோல் ஃபெல்லோஷிப். ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியே நடத்துவது. டான் நிக்கோல் என்ற எழுத்தாளரின் நினைவாக அவர் மனைவி ஜீ நிக்கோல் ஏற்படுத்தியது, 1986 முதல் வழங்கப்படுகிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் ஐந்து பேருக்கு, தலா 35,000 டாலர் என்று கொடுத்து வந்திருக்கிறார்கள். திரைக்கதை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 2025-இல் விண்ணப்பிக்கும் முறையை மாற்றிவிட்டார்கள். பல்கலைக்கழகத் திட்டங்கள் வழியாகவும், பொதுவில் எழுதுகிறவர்கள் 'தி பிளாக் லிஸ்ட்' தளத்தின் வழியாகவும்தான் போக வேண்டும். எனக்குப் பிடித்த நிபந்தனை ஒன்று அதில் உண்டு. பணம் பெற்றவர் அந்த ஓராண்டுக்குள் புதிதாக இன்னொரு முழுநீளத் திரைக்கதையை எழுதித் தர வேண்டும். வென்ற கதைக்குப் பாராட்டு, அடுத்த கதைக்குச் சோறு. எழுத்தாளருக்கு என்ன தேவை என்று தெரிந்தவர்கள் வைத்த விதி அது.

வென்றவர்கள் பட்டியலையும் பாருங்கள். சூசன்னா கிராண்ட் 1992-இல் வென்றார். அவர் பெயரை உலகம் அறிந்தது 2000-இல் வந்த 'எரின் பிராக்கோவிச்' மூலம். டக் ஆட்சிசன் 2000-இல் வென்ற 'அகீலா அண்ட் தி பீ' படமாக வர 2006 ஆயிற்று. முதல் ஆண்டில் வென்றவர்களில் ஒருவரான ஜெஃப்ரி யூஜினிடிஸ் நாவலுக்குப் போய்ப் புலிட்சர் பரிசு வாங்கினார். போட்டி முடிந்த மறுவாரம் அட்வான்ஸ் செக் வருவதாக நினைத்துக்கொண்டு அனுப்பாதீர்கள். அப்படி நடப்பது அபூர்வம். வென்ற கதையே படமாக வேண்டும் என்பதும் இல்லை. 'டூ பிரைட்ஸ்' கதையை ஸ்னேகா தேசாய் வேறொரு திரைக்கதையாக எழுதினார், அந்தப் படத்துக்குள் டீக்கடை வைத்திருக்கும் மஞ்சு மாய் மாதிரி மனிதர்கள் நிறைந்தார்கள். தன் எழுத்தை இன்னொருவர் தொட்டு வளர்ப்பதற்கு மனம் ஒப்பாதவர்கள் நாவல் எழுதுவதே நல்லது என்று நான் நினைக்கிறேன். சினிமா பல கைகள் சேர்ந்து செய்யும் வேலை.

தேர்வாகவில்லை என்றால்? அடுத்த போட்டிக்கு அனுப்புவதற்கு முன் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிட்டு மறுபடி படியுங்கள். ஒரு வாசகருக்குப் பிடிக்காதது இன்னொருவருக்குப் பிடிக்கும். நானும் கூடப் படித்த இன்னொருவரும் ஒரே திரைக்கதைக்கு நேர் எதிரான மதிப்பெண் போட்ட அனுபவம் உண்டு. அவர் கழித்த கதைதான் இன்னமும் என் நினைவில் இருக்கிறது. ஆகவே ஒரு முடிவை வைத்துக்கொண்டு உங்கள் எழுத்துக்கே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அதே சமயம், மூன்று இடங்களில் மூன்று பேரும் ஒரே குறையைச் சொன்னால் அதை மதியுங்கள்.

கடைசியாக, வசதி உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழில் எழுதிய முழுநீளத் திரைக்கதையைத் தமிழிலேயே படித்து, எழுதியவர் பெயரை மறைத்துத் தேர்ந்தெடுத்து, கௌரவமான தொகை கொடுக்கும் போட்டி ஒன்று ஆண்டு தவறாமல் நடக்க வேண்டும். தூத்துக்குடிக்காரர் தூத்துக்குடித் தமிழிலும் தர்மபுரிக்காரர் தர்மபுரித் தமிழிலும் எழுதியது அப்படியே நடுவர் கைக்குப் போக வேண்டும். ஒரு நடுத்தரப் படத்தின் விளம்பரச் செலவில் சிறு பகுதி இருந்தால் இதை நடத்திவிடலாம். முதல் சுற்று வாசகர்களுக்கும் சம்பளம் கொடுங்கள், அப்போதுதான் ஒழுங்காகப் படிப்பார்கள். தயாரிப்பாளர்களும் ஓடிடி நிறுவனங்களும் எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்தால் நடக்கிற காரியம் இது.

எழுதுகிற நண்பர்களுக்கு: பாதியில் நிற்கும் அந்தத் திரைக்கதையை முதலில் முடியுங்கள். முடித்துப் பதிவு செய்த பிறகு, போட்டிக்கு அனுப்பும் முன் படித்துப் பார்க்க ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள். நிதானமாகப் படித்து, மனதில் பட்டதை மறைக்காமல் பதில் எழுதுகிறேன்.